டிரபிள் இன் பாரடைஸ் டிவிடி: கே ஃபிரான்சிஸுக்காக வாங்குங்க

கிரைட்டீரியன் கம்பெனி 2003ல போட்ட 'டிரபிள் இன் பாரடைஸ்' டிவிடிய முக்காவாசிப் பேரு டைரக்டர் எர்ன்ஸ்ட் லூபிட்ஷுக்காகத்தான் வாங்குறாங்க. தப்பில்ல, மனுஷன் அப்படி எடுத்து வச்சிருக்காரு. ஆனா நான் இதை கே ஃபிரான்சிஸுக்காக வாங்கச் சொல்றேன். 1932ல வந்த படம், 83 நிமிஷம், கருப்பு வெள்ளை. ஹீரோ ஹெர்பர்ட் மார்ஷல், ஹீரோயின் ரெண்டு பேரு, ஒருத்தங்க மிரியம் ஹாப்கின்ஸ், இன்னொருத்தங்க கே ஃபிரான்சிஸ். மிரியம் ஹாப்கின்ஸ் பேரையாவது பழைய ஹாலிவுட் பாக்குறவங்க எங்கயாவது கேள்விப்பட்டிருப்பாங்க. கே ஃபிரான்சிஸ்னு சொன்னா அவங்களே முழிப்பாங்க. 1930கள்ல வார்னர் பிரதர்ஸ் ஸ்டுடியோவுக்கு ராணி மாதிரி இருந்தவங்க, 1937ல அவங்க சம்பளம் மட்டும் 2 லட்சம் டாலருக்கு மேல, அதுவும் அமெரிக்கால பொருளாதார மந்தம் இன்னும் முழுசா தீராத காலத்துல. அப்படிப்பட்டவங்க எப்படி இப்படி சுத்தமா மறந்து போனாங்கன்னு இந்தப் படத்தப் பாத்ததும் கேள்வி வரும், அதுக்கான பதில்ல பாதி இந்தப் படத்தோட கதியிலயே இருக்கு.

முதல்ல படம். வெனிஸ்ல ஒரு திருடனும் திருடியும் ஒருத்தர் பாக்கெட்டுல இருந்து ஒருத்தர் அடிச்சுக்கிட்டே காதலிக்கிறாங்க. அப்புறம் பாரிஸுக்கு வர்றாங்க. அங்க மரியெட் கோலேன்னு ஒரு பணக்கார விதவை, பெரிய சென்ட் கம்பெனிக்கு முதலாளி, அதான் கே ஃபிரான்சிஸ். அவங்களோட வைரம் பதிச்ச ஹேண்ட்பேக்க திருடன் அடிச்சுடுறான், அதோட விலை 1,25,000 ஃபிராங்க். கண்டுபிடிச்சுக் குடுத்தா 20,000 ஃபிராங்க் தர்றேன்னு அவங்க பேப்பர்ல விளம்பரம் குடுக்க, இவனே போய் பேக்க நீட்டி பரிசையும் வாங்கிட்டு அப்படியே அவங்ககிட்ட செக்ரட்டரி வேலைக்கும் சேந்துடுறான். பாத்தா சின்னக் கதை, ஆனா ஒரு சீன் கூட வேஸ்ட் கிடையாது.

கே ஃபிரான்சிஸ் உள்ள வர்ற முதல் சீன கவனிச்சுப் பாருங்க. கம்பெனி போர்டு மீட்டிங். காலம் கெட்டுக் கிடக்கு, தொழிலாளிங்க சம்பளத்தக் குறைச்சுடலாம்னு பெரிய பெரிய ஆளுங்க சொல்றாங்க. இவங்க அதுக்கு, பிசினஸ்னாலே எனக்கு போர் அடிக்குது, மதியம் ஒருத்தரோட சாப்பிட வேற போகணும், அதனால சம்பளம் இருக்கிற மாதிரியே இருக்கட்டும்னு சொல்லிட்டுக் கெளம்பிடுறாங்க. இதே டயலாக்க வேற யாராவது பேசியிருந்தா ஒண்ணு திமிர் பிடிச்ச பணக்காரியா தெரியும், இல்லன்னா ஏழைங்க மேல உருகுற தியாகியா தெரியும். இவங்க ரெண்டு பக்கமும் சாயாம பேசுறாங்க. நிஜமாவே போர் அடிக்குது, நிஜமாவே நல்ல மனசு, ரெண்டும் ஒரே ஆளுக்குள்ள ஒண்ணோட ஒண்ணு முட்டாம இருக்கு. அடுத்த சீன்லயே கடைல 3,000 ஃபிராங்க் பேக்கப் பாத்து ஒரு ஹேண்ட்பேக்குக்கு இது ரொம்ப அதிகம்னு ஒதுக்கிட்டு 1,25,000 ஃபிராங்க் பேக்க வாங்குவாங்க, தியேட்டர்ல சிரிப்பு வர்றதுக்குன்னே எழுதுன இடம்தான், இருந்தாலும் அவங்க அதை காமெடியா பண்ணவே மாட்டாங்க, அவங்களுக்கு அது சாதாரண விஷயம், அதனாலதான் நமக்கு சிரிப்பு வருது.

பேக்கத் திருப்பிக் குடுக்க வர்ற சீன் இன்னும் பிரமாதம். திருடன் பேக்குக்குள்ள இருந்த லவ் லெட்டரப் படிச்சிருக்கான், அதை ஒளிக்காம சொல்றான், உங்க நிறத்துக்கு இந்த லிப்ஸ்டிக் சரியில்லன்னு வேற அட்வைஸ் பண்றான். மத்த ஹீரோயினா இருந்தா முகத்துல கோவம், அப்புறம் வெக்கம், அப்புறம் சிரிப்புன்னு வரிசையா காட்டிக்கிட்டு இருப்பாங்க. இவங்க பண்றது கேக்குறது மட்டும்தான். எதிர்ல இருக்கிறவன் பேசப் பேச அவங்க கேக்குற விதம் மாறுது. ஒரு பொம்பளைக்கு ஒருத்தன் மேல இஷ்டம் வர்றது எந்த நிமிஷத்துலன்னு நமக்குக் கண்ணால தெரியுது. இந்தக் கேக்குற திறமைதான் கே ஃபிரான்சிஸோட சொத்துன்னு நான் நினைக்கிறேன். சவுண்டு படம் வந்து அஞ்சு வருஷம்கூட ஆகல, பாதி நடிகர்கள் ஸ்டேஜ்ல நிக்கிற மாதிரி கத்திப் பேசிக்கிட்டு இருந்த சமயம், இவங்க மட்டும் பக்கத்துல உக்காந்து பேசுற மாதிரி பேசுறாங்க.

அப்புறம் அந்த கண்ணாடி சீன். ரெண்டு பேரும் கட்டிப்பிடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க, நமக்கு முன்னாடி வாரங்கள் இருக்கு, மாசங்கள் இருக்கு, வருஷங்கள் இருக்குன்னு கே ஃபிரான்சிஸ் சொல்றாங்க, ஒவ்வொரு வார்த்தைக்கும் ஷாட் மாறுது, கண்ணாடியில அவங்க உருவம், கடைசில படுக்கை மேல ரெண்டு பேரோட நிழல். எல்லா சினிமா கட்டுரையிலயும் இந்த இடத்துல லூபிட்ஷ புகழுவாங்க. புகழணும்தான். ஆனா கண்ண மூடிட்டு அந்த சீன்ல வர்ற குரல மட்டும் ஒரு தடவை கேளுங்க. தாழ்ந்த குரல், அவசரமே இல்ல. அவங்களுக்கு 'ர' சரியா வராது, 'வ' மாதிரி வரும். இதை வச்சு ஸ்டுடியோக்குள்ள பட்டப்பேரே இருந்துச்சு. அந்தக் குறை இந்தப் படத்துல ஒரு இடத்துலயும் உறுத்தாது, சொல்லப்போனா அந்தக் குரலுக்கு ஒரு நெருக்கத்தக் குடுக்குது.

இப்ப டிஸ்க்கப் பத்தி. பிரிண்ட் அந்தக் காலத்து படத்துக்கு நல்லாவே இருக்கு. ஹான்ஸ் டிரையர் போட்ட செட்டு, அந்த வளைஞ்ச படிக்கட்டு, வழவழன்னு கதவுங்க, வித விதமான கடிகாரம், எல்லாம் தெளிவா தெரியுது. டிராவிஸ் பேன்டன் தைச்சுக் குடுத்த கவுனுங்களோட மினுமினுப்பு கூட தெரியுது. அங்கங்க புள்ளி, கீறல் இருக்கும், பெருசா தொந்தரவு இல்ல. சவுண்டு மோனோ, லேசா இரைச்சல் இருக்கும். இங்கிலீஷ் சப்டைட்டில் இருக்கு, போட்டுக்கிட்டுப் பாக்குறது நல்லது, ஏன்னா டயலாக் பறக்கும், ஒரு வரி விட்டா ஒரு ஜோக் போச்சு.

எக்ஸ்ட்ராஸ் நிறைய குடுத்திருக்காங்க. லூபிட்ஷோட வாழ்க்கை வரலாறு எழுதுன ஸ்காட் ஐமன் பேசுற ஆடியோ கமென்ட்ரி இருக்கு, டைரக்டர் பீட்டர் போக்டனோவிச் ஒரு முன்னுரை பேசுறாரு, லூபிட்ஷ் ஜெர்மனில 1917ல எடுத்த ஊமைப் படம் ஒண்ணு முழுசா இருக்கு, 1940ல வந்த ஒரு ரேடியோ நிகழ்ச்சியும் இருக்கு. எல்லாமே கேக்க, பாக்க வேண்டியதுதான். ஐமன் கமென்ட்ரி முதல் தடவை பாக்கும்போது போடாதீங்க, ரெண்டாவது தடவைக்கு வைங்க. ஹெர்பர்ட் மார்ஷல் முதல் உலகப் போர்ல ஒரு காலை இழந்தவரு, மரக்கால் வச்சுக்கிட்டு நடிச்சவரு. அது தெரிஞ்சதுக்கு அப்புறம் அவரு நடக்குற சீன் ஒவ்வொண்ணையும் எவ்ளோ ஜாக்கிரதையா பிளான் பண்ணியிருக்காங்கன்னு ரெண்டாவது தடவைல நல்லாப் புரியும்.

என் மனக்குறை என்னன்னா, இவ்ளோ எக்ஸ்ட்ராஸ்ல எல்லாமே லூபிட்ஷ சுத்தித்தான். கே ஃபிரான்சிஸுக்குன்னு தனியா ஒரு பத்து நிமிஷ பேச்சு கூட கிடையாது. அந்த ரேடியோ நிகழ்ச்சில லூபிட்ஷ், ஜாக் பென்னி, பேசில் ராத்போனோட கூட வர்ற நடிகை யாருன்னு பாத்தா கிளாடெட் கோல்பேர்ட். கே ஃபிரான்சிஸ் கதை தெரிஞ்சவங்களுக்கு இது மனசக் கஷ்டப்படுத்தும், ஏன்னு கீழ சொல்றேன். படத்துல நடிச்சவங்க வாழ்க்கைய டிஸ்க் சொல்லாததால, வாங்குறவங்க தெரிஞ்சுக்கட்டும்னு நானே எழுதுறேன்.

கே ஃபிரான்சிஸ் 1905 ஜனவரி 13ல ஓக்லஹோமா சிட்டில பொறந்தவங்க, அப்ப ஓக்லஹோமா இன்னும் மாநிலமாகூட ஆகல. நிஜப் பேரு கேதரின் எட்வினா கிப்ஸ். அம்மா கேதரின் கிளின்டன் நாடக நடிகை. ஃபிரான்சிஸ்ங்கிறது 1922ல பண்ணிக்கிட்ட முதல் கல்யாணத்துல வந்த பேரு, கல்யாணம் நிலைக்கல, பேரு நிலைச்சுடுச்சு. 1925ல பிராட்வேல ஹாம்லெட்ட இந்தக் காலத்து டிரெஸ் போட்டு நாடகமா போட்டாங்க, அதுல சின்ன ரோல். அப்புறம் நடிகர் வால்டர் ஹூஸ்டனோட 'எல்மர் த கிரேட்' நாடகம், அங்கேருந்து நேரா பேசும் படத்துக்கு வந்துட்டாங்க. 1929ல காமெடி அண்ணன் தம்பிங்க மார்க்ஸ் பிரதர்ஸோட 'த கோக்கநட்ஸ்' படத்துல நெக்லஸ் திருடுற பொம்பளையா வருவாங்க, நியூயார்க் ஆஸ்டோரியா ஸ்டுடியோல எடுத்தது. திருடியா ஆரம்பிச்சவங்க மூணே வருஷத்துல திருடன் வந்து கதவத் தட்டுற பணக்காரியா ஆயிட்டாங்க.

பாரமவுண்ட் ஸ்டுடியோல இருந்தவங்கள, வில்லியம் பவல், ரூத் சாட்டர்டன்னு இன்னும் ரெண்டு ஸ்டாருங்களோட சேத்து வார்னர் பிரதர்ஸ் தட்டிக்கிட்டுப் போச்சு. அங்க போனதுக்கு அப்புறம்தான் இந்தப் படத்துக்காக பாரமவுண்டே திரும்ப அவங்கள வார்னர்கிட்ட கடனா வாங்குச்சு. 1932ங்கிற ஒரே வருஷத்துல அவங்க நடிச்சு வந்தது ஏழு படத்துக்குக் குறையாது. அதுல 'ஒன் வே பாசேஜ்', 'ஜுவல் ராபரி', இந்தப் படம், மூணும் மூணு விதம். சாகப்போற பொண்ணு, போரடிச்ச சீமாட்டி, காதல்ல ஏமாந்தும் தலை குனியாத விதவை. ஒரு வருஷத்துல இப்படி மூணு ரோல் யாருக்காவது அமைஞ்சுதுன்னா இன்னைக்கு அவங்கள தலைல தூக்கி வச்சு ஆடுவாங்க. ஆனா அப்ப ஊரு பேசினதெல்லாம் அவங்க போட்ட டிரெஸ்ஸ பத்தித்தான். நல்லா டிரெஸ் பண்ற நடிகைன்னு முத்திரை குத்திட்டாங்க, அந்த முத்திரை நடிப்ப மறைச்சுடுச்சு.

அடி விழுந்தது ரெண்டு பக்கம். ஒண்ணு சென்சார். 1934ல ஜோசஃப் பிரீன் பொறுப்பேத்து, படத்துல எதைக் காட்டலாம் எதைக் காட்டக் கூடாதுங்கிற ஹாலிவுட்டோட புரொடக்‌ஷன் கோடு கறாரா வந்ததும், திருடன் மாட்டாம தப்பிக்கிற, கல்யாணம் இல்லாம காதலிக்கிற இந்தப் படத்த 1935ல மறுபடி ரிலீஸ் பண்ண அனுமதி குடுக்கல. 1943ல இதையே மியூசிக்கலா எடுக்கலாம்னு பாரமவுண்ட் கேட்டப்பவும் முடியாதுன்னுட்டாங்க. 1968 வரைக்கும் படம் பெட்டிக்குள்ள. ஒரு நடிகையோட ஆகச் சிறந்த வேலைய முப்பது வருஷத்துக்கு மேல யாரும் பாக்க முடியாதுன்னா, அடுத்த தலைமுறைக்கு அவங்க பேரு எப்படித் தெரியும்? கே ஃபிரான்சிஸ் மறக்கப்பட்டதுக்கு திறமைக் குறைவுன்னு யாராவது சொன்னா எனக்குக் கோவமே வரும்.

ரெண்டாவது அடி ஸ்டுடியோ. 'டோவரிச்'னு ஒரு படம், அந்த ரோல அவங்க எதிர்பாத்துக்கிட்டு இருந்தாங்க, வார்னர் அதை கிளாடெட் கோல்பேர்ட்டுக்குக் குடுத்துட்டாங்க. 1937ல காண்ட்ராக்ட்ட விட்டு விடுங்கன்னு ஸ்டுடியோ மேல கேஸ் போட்டாங்க. கேஸ் ஜெயிக்கல. அதுக்கப்புறம் ஸ்டுடியோ அவங்கள செலவு கம்மியான ரெண்டாந்தரப் படமா பாத்துப் போட்டுச்சு, தானா ஓடிப் போகட்டும்னு. அவங்க ஓடல. ஒப்புக்கிட்ட படத்த எல்லாம் முடிச்சுக் குடுத்து, பேசின சம்பளத்த வாரா வாரம் வாங்கிட்டுத்தான் வெளிய வந்தாங்க. 1938ல தியேட்டர் ஓனருங்க சங்கம் ஒண்ணு, பாக்ஸ் ஆபீஸுக்கு விஷம்னு நடிகருங்க பேரப் போட்டு விளம்பரம் குடுத்துச்சு, அதுல கிரெட்டா கார்போ, கேதரின் ஹெப்பர்ன், ஜோன் கிராஃபோர்டு, மர்லீன் டீட்ரிச்சோட இவங்க பேரும். மத்த பல பேருக்கு ஸ்டுடியோவே திரும்ப நல்ல படம் குடுத்துத் தூக்கி விட்டுச்சு, இல்லன்னா அவங்களே வழி தேடிக்கிட்டாங்க. இவங்களுக்கு அந்தக் கை கிடைக்கல. 1939ல 'கிங் ஆஃப் த அண்டர்வேர்ல்டு' வந்தப்ப ஹம்ஃப்ரி போகார்ட் பேர மேல பெருசாப் போட்டு, கே ஃபிரான்சிஸ் பேர கீழ சின்னதா போட்டாங்க. போகார்ட் அப்ப இன்னும் பெரிய ஸ்டாரே கிடையாது.

இதுக்கப்புறமும் அவங்க மூலைல போய் உக்காரல. அதே 1939ல ஆர்கேஓ ஸ்டுடியோ எடுத்த 'இன் நேம் ஒன்லி' படத்துல கேரி கிரான்ட்டுக்கு பணத்துக்காகவே கட்டிக்கிட்ட மனைவியா வந்தாங்க. ஈரமே இல்லாத வில்லி, ஹீரோயின் கரோல் லோம்பார்ட் எதிர்ல நின்னும் மங்கல. ரெண்டாம் உலகப் போர் நடக்கும்போது கரோல் லேண்டிஸ், மார்த்தா ரே, மிட்ஸி மேஃபேர்னு மூணு நடிகைங்க கூட சேந்து இங்கிலாந்துக்கும் வட ஆப்பிரிக்காவுக்கும் போய் பட்டாளத்துக்காரங்க முன்னாடி நிகழ்ச்சி நடத்துனாங்க. அந்தப் பயணத்தையே 1944ல படமாவும் எடுத்தாங்க, நாலு பேரும் அவங்கவங்களாவே நடிச்சாங்க. 1945, 46ல மோனோகிராம்ங்கிற சின்ன கம்பெனில மூணு படம், அதுல நடிச்சது மட்டுமில்ல, கூட்டு தயாரிப்பாளரும் அவங்கதான். அப்புறம் நாடகம், அம்பது வயசுக்குள்ள ரிட்டயர்மென்ட். 1968 ஆகஸ்ட் 26ல நியூயார்க்ல கேன்சர்ல இறந்து போனாங்க. சேத்து வச்ச பணத்துல 10 லட்சம் டாலருக்கு மேல, கண் தெரியாதவங்களுக்கு வழிகாட்டுற நாய்களப் பழக்குற சீயிங் ஐ அமைப்புக்கு எழுதி வச்சுட்டாங்க. சம்பளத்துக்கு அடிச்சுக்கிட்ட நடிகைன்னு எழுதுறவங்க இதையும் சேத்து எழுதணும்.

இதெல்லாம் தெரிஞ்சுக்கிட்டு மறுபடி டிஸ்க்கப் போட்டுப் பாத்தா கடைசி சீன் வேற மாதிரி அடிக்குது. தன்கிட்ட வேலை பாத்தவன் திருடன்னு மரியெட்டுக்குத் தெரிஞ்சுடுச்சு, அவன் தன்னோட பழைய திருடிக் காதலியோட போகப் போறான்னும் தெரிஞ்சுடுச்சு. அழுகை கிடையாது, போலீஸ் கிடையாது. போற போக்குல அவன் அவங்களோட முத்து மாலைய பாக்கெட்டுல இருந்து எடுத்துக் காட்டுறான், அவளுக்கு நீங்க குடுக்கிற பரிசுன்னு. அதையும் ஏத்துக்கிறாங்க. தோத்ததா முகத்துல ஒரு இடத்துல கூட காட்டல, அதே சமயம் எவ்ளோ பெருசா இழந்திருக்காங்கன்னும் நமக்குத் தெரியுது. இதை மேக்கப்பாலயும் லைட்டாலயும் கொண்டு வர முடியாது.

யாருக்குப் பிடிக்காது? வேகமா சம்பவம் நடக்கணும்னு எதிர்பாக்குறவங்களுக்கு நடுவுல கொஞ்சம் இழுக்கும். எட்வர்ட் எவரெட் ஹார்ட்டன், சார்லி ரகில்ஸ் ரெண்டு பேரும் மரியெட்டக் கட்டிக்க அலையுற காமெடி முதல்ல ஜோரா இருக்கும், பின்னாடி கொஞ்சம் ஓவரா தெரியலாம். மத்தபடி எனக்கு இதுல குறை சொல்ல ஒண்ணும் தோணல. படத்துக்கு அஞ்சுக்கு அஞ்சு, டிஸ்க்குக்கு நாலு. அந்த ஒண்ண எதுக்குக் குறைச்சேன்னு மேலயே சொல்லிட்டேன்.

பிடிச்சிருந்தா அடுத்து என்ன வாங்கலாம்னு கேப்பீங்க. வார்னர் ஆர்க்கைவ் 2012ல போட்ட 'ஃபார்பிடன் ஹாலிவுட்'ங்கிற பழைய பட டிவிடி வரிசைல நாலாவது தொகுதிய எடுங்க. அதுல 'ஜுவல் ராபரி', 'மேன் வான்டட்'னு ரெண்டு கே ஃபிரான்சிஸ் படம் இருக்கு, ரெண்டும் வில்லியம் டீட்டர்லே டைரக்ட் பண்ணது. 'மேன் வான்டட்'ல அவங்க பத்திரிகை ஆசிரியர், ஆம்பள செக்ரட்டரிய வேலைக்கு வைக்கிறாங்க, 1932ல இப்படி ஒரு கதையான்னு இருக்கும். 'ஜுவல் ராபரி' வியன்னால நடக்குற கதை, நகைக்கடையக் கொள்ளையடிக்க வர்ற வில்லியம் பவல்கிட்டயே மனசக் குடுத்துடுவாங்க, இந்தப் படத்துக்கு அக்கா தங்கச்சி மாதிரி. ஆறாவது தொகுதில மைக்கேல் கர்டிஸ் எடுத்த 'மான்டலே' இருக்கு, கதை அங்கங்க நொண்டும், அவங்களுக்காகப் பாக்கலாம். 'ஒன் வே பாசேஜ்' தனியா தேடி எடுங்க, 67 நிமிஷம்தான், ஹாங்காங்ல இருந்து சான் ஃபிரான்சிஸ்கோ போற கப்பல்ல நடக்குற காதல். கதைக்கு ஆஸ்கர் வாங்குன படம். அதை இந்தப் படம் பாத்த அன்னைக்கே பாக்காதீங்க, ரெண்டு நாள் விட்டுப் பாருங்க.